எல்லாம் ஏறிடுச்சு, சீன பில்டர் ஷேர் மட்டும் ஏன் தரையில கிடக்கு?

2025 ஆகஸ்ட்ல ஷாங்காய் இண்டெக்ஸ் 3,800ஐத் தாண்டுச்சு, பத்து வருஷமா பாக்காத உயரம். அந்த வாரம் எங்க சிங்கப்பூர் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி ஒரு சார்ட் போட்டான். சுனாக் சைனான்னு ஒரு பில்டர், ஹாங்காங்ல லிஸ்ட் ஆன ஷேர், 2020 ஆரம்பத்துல நாப்பது ஹாங்காங் டாலருக்கு மேல இருந்தது, அப்ப ஒன்றரை டாலர் பக்கம். கீழ அவன் எழுதினது இதான்: "அண்ணே, அலிபாபா ஏறிடுச்சு, டென்சென்ட் ஏறிடுச்சு, பேங்க் ஷேர் கூட ஏறிடுச்சு, இது மட்டும்தான் தரையில கிடக்கு. இதுக்கு மேல கீழ போக எங்க இடம் இருக்கு, கொஞ்சம் வாங்கிப் போடவா?"

வேணாம்டான்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா அவன் கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு, ஏன்னா ரொம்ப வருஷம் சீனாவுல இந்த மாதிரி வாங்கினவங்கதான் ஜெயிச்சிருக்காங்க. கன்ட்ரி கார்டன்னு இன்னொரு பில்டர் 2007 ஏப்ரல்ல 5.38 ஹாங்காங் டாலருக்கு லிஸ்ட் ஆச்சு, அதே வருஷம் ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, 2008 கடைசியில ரெண்டு டாலருக்கும் கீழ விழுந்துச்சு. அப்ப எல்லாரும் முடிஞ்சு போச்சுன்னாங்க. 2008 நவம்பர்ல பெய்ஜிங் பொருளாதாரத்தைத் தூக்கி விட 4 லட்சம் கோடி யுவான் ஸ்டிமுலஸ்னு அறிவிச்சது, அடுத்த வருஷமே அடிவிலையில வாங்கினவன் காசு ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. 2014ல மறுபடி வீடு விக்கல, மறுபடி வட்டியைக் குறைச்சாங்க, பழைய குடிசைப் பகுதியை இடிச்சு அங்க இருந்தவங்களுக்கு ரொக்கமா காசு கொடுத்து புது ஃப்ளாட் வாங்க வெச்சாங்க, அதோட பலன் 2017ல வந்துச்சு, எவர்கிராண்ட்னு இன்னொரு பெரிய பில்டரும் சுனாக்கும் அந்த ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதாவது கவர்மென்ட் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தா போதும், பில்டர் ஷேர்தான் முதல்ல எகிறும்னு ஒரு பழக்கமே ஆயிடுச்சு.

அப்படி ஆனதுக்கும் காரணம் இருக்கு. அங்க நிலம் எல்லாம் அரசாங்கத்தோடது, முனிசிபாலிட்டி நிலத்தோட உபயோக உரிமையை ஏலம் விட்டுத்தான் ரோடு, மெட்ரோ எல்லாம் போடுது. 2021ல மட்டும் இந்த வகையில வந்த வருமானம் 8.7 லட்சம் கோடி யுவான். பில்டர் நிலம் வாங்கலன்னா ஊராட்சியே நின்னுரும்ங்கிற நிலைமை, அப்ப பில்டரை எப்படி சாக விடுவாங்க, இதான் எல்லாரோட கணக்கும். 2024ல அதே வருமானம் 4.9 லட்சம் கோடிக்குக் கீழ வந்துருச்சு, அப்பவும் காப்பாத்தல. ஏன்னு புரியணும்னா இவங்க வியாபாரம் எப்படி ஓடுச்சுன்னு பாக்கணும்.

நம்ம ஊர்ல கட்டிட்டு இருக்குற ஃப்ளாட்டுக்கு லோன் போட்டா பேங்க் ஸ்லாப் ஸ்லாபா ரிலீஸ் பண்ணும், அஸ்திவாரம் முடிஞ்சா இவ்வளவு, முதல் மாடி ஏறினா இவ்வளவுன்னு. சீனாவுல வீட்டை கட்டுறதுக்கு முன்னாடியே விப்பாங்க, வாங்குறவன் முன்பணமும் பேங்க் லோன் முழுசும் சேத்து பில்டர் கணக்குக்குப் போயிரும், ஈஎம்ஐ அடுத்த மாசமே ஓட ஆரம்பிச்சிரும், கட்டிடம் இன்னும் குழி தோண்டுற நிலையில இருக்கும். அந்தக் காசு எஸ்க்ரோ அக்கவுண்ட்ல, அதாவது அந்தக் கட்டிடத்துக்கு மட்டும் செலவு பண்ற தனிக் கணக்குல, பூட்டி இருக்கணும்னு ரூல் உண்டு, ஆனா பல ஊர்ல நிலம் விக்கணும்ங்கிற அவசரத்துல அதிகாரிங்களே கண்டுக்கல. பில்டர் அந்தக் காசை எடுத்து அடுத்த ஊர்ல நிலம் வாங்குவான், அங்கயும் முன்கூட்டியே வித்து, அந்தக் காசுல இதுக்கு முன்னாடி வித்த வீட்டைக் கட்டுவான். சீட்டு கம்பெனி பாத்தவங்களுக்கு இது எங்க போய் முடியும்னு புரியும். புது ஆளு வந்துட்டே இருக்குற வரைக்கும் ஓடும்.

2020 ஆகஸ்ட்ல பெய்ஜிங் பில்டர் கடனுக்கு மூணு சிவப்புக் கோடு போட்டுச்சு. வீடு வாங்கினவங்க கொடுத்த அட்வான்ஸை கழிச்சுட்டு பாத்தா கடன் சொத்துல 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிகரக் கடன் சொந்த முதலை (ஈக்விட்டி) விட அதிகமா இருக்கக் கூடாது, கையில இருக்குற காசு குறுகிய காலக் கடனுக்காவது ஈடா இருக்கணும். எவர்கிராண்ட் மூணுலயும் ஃபெயில். புதுக் கடன் வராதுன்னதும் சங்கிலி அறுந்துச்சு, 2021 டிசம்பர்ல டாலர் பாண்டு (வெளிநாட்டுக்காரங்க கிட்ட டாலர்ல வாங்கின கடன் பத்திரம்) வட்டி கட்ட முடியாம டிஃபால்ட், 2022ல சுனாக், 2023 அக்டோபர்ல கன்ட்ரி கார்டன். பாதியில நின்ன கட்டிடத்துக்கு சீனாவுல ஒரு பேர் வெச்சிருக்காங்க, லான்வெய்லோ, அழுகின வால் கட்டிடம்னு அர்த்தம். 2022 ஜூன் கடைசியில ஜிங்தெசென் ஊர்ல எவர்கிராண்ட் ப்ராஜெக்ட்ல ஃப்ளாட் வாங்கினவங்க, கட்டி முடிக்கலன்னா ஈஎம்ஐ கட்ட மாட்டோம்னு லெட்டர் எழுதினாங்க, ஜூலையில நூத்துக்கணக்கான ப்ராஜெக்ட்ல அதே லெட்டர்.

இங்கதான் தம்பி கணக்கு தப்பாகுது. அந்த ஜூலைக்கு அப்புறம் பெய்ஜிங்கோட கவலை முழுக்க வீடு வாங்கின குடும்பம் தெருவுக்கு வந்துரக் கூடாதுங்கிறதுதான், அதுக்கு பில்டர் கம்பெனி பொழைக்கணும்னு அவசியமே இல்ல. 2024 ஜனவரியில ஒயிட்லிஸ்ட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பேங்க் லோன் கொடுக்கும், ஆனா கம்பெனிக்கு இல்ல, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனியா, அந்தக் காசு அந்த சைட்டோட சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் மட்டும்தான் போகணும், தலைமை ஆபீஸ் தொடவே முடியாது. ஃப்ளாட் முடியும், சாவி கொடுப்பாங்க, டிவியில காட்டுவாங்க. ஆனா அந்த ஃப்ளாட் வித்த காசு மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்து செலவாகிடுச்சு, கட்டி முடிச்சதுனால கம்பெனிக்குப் புதுசா பெருசா ஒண்ணும் வராது, வாங்கின லோனை மட்டும் திருப்பிக் கட்டணும். அப்புறம் ஷேர் வெச்சிருக்குறவனுக்கு எங்க இருந்து வரும்? "கவர்மென்ட் காசு கொடுக்குது, பில்டர் பொழைச்சுட்டான்"னு தலைப்புச் செய்தி பாத்து வாங்கினவங்க மிஸ் பண்ணினது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அப்படி வாங்கின ரெண்டு வாரத்தை கிட்ட இருந்து பாத்தேன், 2024 செப்டம்பர் கடைசி. 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சென்ட்ரல் பேங்க் கவர்னர் பான் கோங்ஷெங் வந்து வட்டிக் குறைப்பு, பழைய வீட்டு லோனுக்கே சுமார் அரை சதவீதம் குறைப்பு, ரெண்டாவது வீட்டுக்கு முன்பணம் 25ல இருந்து 15 சதவீதம், ஷேர் வாங்க 50,000 கோடி யுவான் வசதின்னு ஒரே மூச்சுல சொன்னாரு. வியாழக்கிழமை கம்யூனிஸ்ட் கட்சியோட உயர்மட்டக் குழுவான பொலிட்பியூரோ, வீட்டு மார்க்கெட் சரியுறதை நிறுத்தி நிலைப்படுத்தணும்னு அறிக்கை விட்டுச்சு. அஞ்சு ட்ரேடிங் நாள்ல ஷாங்காய், ஷென்சென் பெரிய கம்பெனிங்களோட சிஎஸ்ஐ 300 இண்டெக்ஸ் 25 சதவீதம் ஏறுச்சு, அதுல 30ஆம் தேதி மட்டும் எட்டரை, 2008க்கு அப்புறம் அப்படி ஒரு நாள் இல்ல.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. அக்டோபர் 1ல இருந்து ஒரு வாரம் சீனாவுல தேசிய நாள் லீவு, ஷாங்காய் மார்க்கெட் மூடியிருக்கும், சீனாக்காரங்க ஹாங்காங்ல வாங்குற கனெக்ட் வழியும் மூடியிருக்கும். ஹாங்காங் மட்டும் ஒரே நாள் லீவு விட்டுட்டு 2ஆம் தேதி திறந்துருச்சு. விக்க வேண்டியவங்க பாதிப்பேர் ஊர்ல மூன் கேக் மிச்சத்தை தின்னுட்டு உக்காந்திருக்காங்க, இங்க ஷார்ட் போட்டிருந்தவன், அதாவது விலை விழும்னு ஷேரைக் கடன் வாங்கி வித்தவன் எல்லாம் பயந்து திருப்பி வாங்குறான், வெளிநாட்டுக்காரன் வண்டியை விட்டுருவோமோன்னு ஓடி வரான். அன்னைக்கு ஹாங்காங்கோட ஹாங் செங் இண்டெக்ஸ் 6 சதவீதத்துக்கு மேல, பில்டர் ஷேர் எல்லாம் இருவது நாப்பதுன்னு, அதுலயும் எவ்வளவு மோசமான கம்பெனியோ அவ்வளவு அதிகமா ஏறுச்சு. சுனாக் செப்டம்பர் நடுவுல இருந்த விலைக்கு மூணு மடங்குக்கு மேல. எங்க ஆபீஸ் பேன்ட்ரியில காபி போடுற இடத்துல நின்னு ரெண்டு பேரு ஃபோனை மாத்தி மாத்தி காட்டிட்டு இருந்தாங்க, வாழ்நாள்ல ஹாங்காங் ஷேர் வாங்காத ஆளுங்க.

8ஆம் தேதி ஷாங்காய் திறந்துச்சு, அன்னைக்கே திட்டக் கமிஷன்காரங்க பிரஸ் மீட், பெருசா புதுக் காசு எதுவும் சொல்லல, ஹாங் செங் ஒரே நாள்ல 9.4 சதவீதம் விழுந்துச்சு. 17ஆம் தேதி வீட்டு வசதி அமைச்சர் நி ஹோங், ஒயிட்லிஸ்ட் லோனை வருஷக் கடைசிக்குள்ள 4 லட்சம் கோடி யுவானா ஆக்குவோம்னு சொன்ன அன்னைக்கு பில்டர் ஷேர் ஏறணுமே, விழுந்துச்சு. அந்த லோன் யாருக்குப் போகும்னு அதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் புரிஞ்சிருச்சு போல. அதே நேரத்துல சுனாக் என்ன பண்ணுச்சுன்னா, ஏறின விலையைப் பாத்து, டிஸ்கவுண்ட்ல புது ஷேர் அச்சடிச்சு வித்து சுமார் 120 கோடி ஹாங்காங் டாலர் தேத்திடுச்சு. கம்பெனியைத் தப்பு சொல்லல, மூச்சு திணறுறவன் ஜன்னல் திறந்தா மூச்சு இழுக்கத்தான் செய்வான். ஆனா ஏறின சந்தோஷத்துல உள்ள வந்தவனோட காசுதான் அந்த மூச்சு.

அடுத்தது மலிவுங்கிற வார்த்தை. தம்பி அடுத்த நாள் இன்னொரு மெசேஜ் போட்டான், இன்னொரு பில்டர் புக் வேல்யூல பத்துல ஒரு பங்குக்குக் கிடைக்குதுன்னு. ஒரு ரூபா சாமானை பத்து பைசாவுக்குத் தராங்கன்னா யாருக்கும் ஆசை வரும். ஆனா பில்டரோட புக் வேல்யூ எப்படி வருதுன்னு பாருங்க. சொத்து 100ன்னு வெச்சுக்குவோம், பெரும்பகுதி நிலமும் கட்டி விக்காத வீடும், வாங்கின விலையில எழுதியிருக்கும். கடன், கான்ட்ராக்டர் பாக்கி, வாங்கினவங்க கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் சேத்து 85. மிச்சம் 15தான் ஈக்விட்டி, அதான் புக் வேல்யூ. விலை இறங்கி அந்த 100ஓட மதிப்பு 15 சதவீதம் குறைஞ்சா அந்த 15 போச்சு. 20 சதவீதம் குறைஞ்சா மைனஸ் 5. ரிப்போர்ட்ல இன்னும் 15ன்னு இருந்தா, அவங்க இன்னும் விலையைக் குறைச்சு எழுதலன்னுதான் அர்த்தம். எவர்கிராண்ட் புக்ல 2020 கடைசியில மொத்த ஈக்விட்டி 35,000 கோடி யுவான் இருந்துச்சு, 2022 கடைசிக்கு அது மைனஸ் 60,000 கோடி பக்கம். அப்புறம் 2024 மார்ச்ல செபி மாதிரி அங்க இருக்குற செக்யூரிட்டீஸ் கமிஷன், 2019லயும் 2020லயும் சேத்து 56,400 கோடி யுவான் வருமானத்தை ஊதிக் காட்டியிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு சொல்லுச்சு, ஆடிட் பண்ணின பிடபிள்யூசியோட சீன நிறுவனத்துக்கு ஆறு மாசம் தடை.

இந்த வாங்கின விலைங்கிற விஷயம் எனக்கு உறைச்சது ஒரு ஞாயித்துக்கிழமை மலேசியா ஜோகூர்ல. சிங்கப்பூர் துவாஸ் பக்கம் நின்னா ஜலசந்திக்கு அந்தப் பக்கம் வரிசையா கோபுரம் தெரியும், அதான் ஃபாரஸ்ட் சிட்டி, கன்ட்ரி கார்டன் ஜோகூர்ல கடலைத் தூர்த்து கட்டினது, 7 லட்சம் பேர் குடியிருக்குற ஊரா வரணும்னு பிளான். சீனாவுல இருந்து காசு வெளிய எடுக்குறதுக்கு 2017ல இறுக்கினாங்க, 2018ல மலேசியப் பிரதமர் மகாதீர் வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க வீடு கிடையாதுன்னு பேசினாரு, அதோட வேகம் போச்சு. நான் போனப்ப சாயங்காலம் ஏழரை, இருட்டினதும் ஒரு டவர்ல லைட் எரியுற ஜன்னலை எண்ண ஆரம்பிச்சேன், பதினொண்ணுல நின்னுச்சு. கீழ டியூட்டி ஃப்ரீ கடையில பீர் வாங்கத்தான் கூட்டம், பீச்ல முதலை ஜாக்கிரதைன்னு போர்டு. தே தாரேக் போட்டுக் கொடுத்த தமிழ் அண்ணன், "சனி ஞாயிறு பரவால்ல தம்பி, திங்கக்கிழமை வந்து பாருங்க"ன்னு சிரிச்சாரு. திரும்பி வர்ற பஸ்ல ஒரே யோசனை, அந்த இருட்டு ஜன்னலை எல்லாம் ஏதோ ஒரு பேலன்ஸ் ஷீட்ல ஏதோ ஒரு விலைக்கு எழுதி வெச்சிருப்பாங்களே, அது என்ன விலை?

சரி, புக் வேல்யூவே உண்மைன்னு வெச்சுக்கிட்டாலும் அது நம்ம கைக்கு வராது. ஹாங்காங்ல நம்ம வாங்குறது பெரும்பாலும் கேமன் தீவுல பதிவான ஒரு தாய்க் கம்பெனியோட ஷேர், நிலமும் வீடும் சீனாவுக்குள்ள ஊருக்கு ஒண்ணா இருக்குற குட்டிக் கம்பெனிங்க கிட்ட. ஏதாவது வித்து காசு வந்தா முதல்ல ஃப்ளாட் வாங்கினவங்க, கூலிக்காரங்க, வரி, லோக்கல் பேங்க், கான்ட்ராக்டர், அதெல்லாம் தாண்டி டாலர் பாண்டு வாங்கின வெளிநாட்டுக்காரன், அவனுக்கும் பின்னாடி கடைசி வரிசையில நாம. எவர்கிராண்டை 2024 ஜனவரி 29 ஹாங்காங் கோர்ட் கலைக்க சொல்லுச்சு, அன்னைக்கு ஷேர் 16 சென்ட்ல இருந்தப்ப ட்ரேடிங்கை நிறுத்திட்டாங்க. பதினெட்டு மாசம் தொடர்ந்து ட்ரேடிங் இல்லன்னா லிஸ்ட்டுல இருந்து தூக்கலாம்னு ஹாங்காங் ரூல், 2025 ஆகஸ்ட் 25 தூக்கிட்டாங்க, அதாவது தம்பி சார்ட் போட்ட அதே மாசம். கலைக்க கோர்ட் போட்ட ஆளுங்க கிட்ட கடன்காரங்க வெச்ச கிளெய்ம் 35,000 கோடி ஹாங்காங் டாலர், அதுவரைக்கும் வித்து எடுத்தது 200 கோடி சுத்தி. பாண்டு வாங்கினவனுக்கே இந்த நிலைமை.

சரி தனியார் கம்பெனிதான் இப்படி, கவர்மென்ட் கை இருக்குறதை வாங்குவோம்னு இன்னொரு கூட்டம். அதுக்குப் பதில் வான்கே. 1984ல ஷென்சென்ல ஆரம்பிச்சது, நல்லா நடத்துற கம்பெனின்னு பேரு, 2018லயே அவங்க மீட்டிங்ல உயிரோட இருக்கணும்னு பேனர் கட்டினவங்க, அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பெரிய ஷேர்ஹோல்டர் ஷென்சென் மெட்ரோ, கவர்மென்ட் கம்பெனி. 2024ல நஷ்டம் கிட்டத்தட்ட 4,950 கோடி யுவான், 2025 ஜனவரியில மெட்ரோ ஆளே சேர்மனா வந்து உக்காந்தாரு, மெட்ரோ லோன் மேல லோன் கொடுத்துச்சு, அப்படியும் 2025 நவம்பர்ல 200 கோடி யுவான் பாண்டு ஒண்ணுக்கு டைம் கேட்டாங்க. மெட்ரோ லோனா கொடுத்துச்சுங்கிறதை கவனிங்க, ஷேரா போடல, அடமானம் வேற வாங்கிக்கிச்சு. கவர்மென்ட்டே வரிசையில முன்னாடி போய் நிக்குது.

உண்மையில நிக்குற பில்டர் இருக்காங்க, சைனா ரிசோர்சஸ் லேண்ட், சைனா ஓவர்சீஸ் லேண்ட், ரெண்டும் மத்திய அரசு கம்பெனி, குறைஞ்ச வட்டியில கடன் கிடைக்கும், மத்தவன் ஓடின ஊர்ல நல்ல நிலமா பொறுக்கறாங்க. ரிசோர்சஸுக்கு மிக்ஸ்-சின்னு மால் நிறைய இருக்கு, 2024ல அவங்க அடிப்படை லாபத்துல சுமார் 40 சதவீதம் வாடகை மாதிரி வருமானத்துல இருந்தே வந்துச்சு. ஆனா இதெல்லாம் தரையில கிடக்கல, அதனால தம்பி மாதிரி ஆளுங்க கண்ணுல படாது, பத்து மடங்கு ஆகும்னு கனவு காண முடியாது, டிவிடெண்ட் வாங்கிட்டு உக்காரணும்.

பத்து மடங்கு கனவுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கு. 2021ல சீனாவுல வித்த புது வீடு, கட்டிடம் எல்லாம் 179 கோடி சதுர மீட்டர், 2024ல 97 கோடி. புதுசா ஆரம்பிச்ச கட்டுமானம் 2019ல 227 கோடி, 2024ல 74 கோடி. ஜனத்தொகை 2022ல 8.5 லட்சம் குறைஞ்சுச்சு, 1961க்கு அப்புறம் முதல் தடவை. 2008லயும் 2014லயும் விழுந்து எழுந்தப்ப கிராமத்துல இருந்து ஊருக்கு வர்ற கூட்டம் இருந்துச்சு, வியாபாரம் பழைய அளவை விட பெருசாச்சு, அதனால ஷேரும் பழைய விலையைத் தாண்டுச்சு. இப்ப பாதியா சுருங்கின வியாபாரத்துல பழைய விலைன்னு ஒரு கோட்டை சார்ட்ல போட்டு அது வரைக்கும் போகும்னு சொல்றது எப்படின்னு எனக்குப் புரியல.

விலை எகிறாதுன்னு நான் சொல்லல. இன்னொரு அறிக்கை வரும், இன்னொரு நாள் முப்பது சதவீதம் ஏறும், அதுல ரெண்டு நாள்ல உள்ள போய் வெளிய வர தெரிஞ்சவன் சம்பாதிப்பான். அது வேற தொழில், அதுக்கு பேலன்ஸ் ஷீட்டே தேவையில்ல, பெய்ஜிங் மீட்டிங் தேதி தெரிஞ்சா போதும். "வாங்கிப் போடவா"ன்னு கேக்குறவன் அந்த ஆளு இல்ல.

தம்பிகிட்ட கடைசியா ஒரே ஒரு வேலை சொன்னேன், 2020 ரிப்போர்ட்டையும் கடைசி ரிப்போர்ட்டையும் திறந்து மொத்த ஷேர் எண்ணிக்கையை மட்டும் பாருன்னு. சுனாக் கடன்காரங்க கிட்ட காசுக்குப் பதிலா பின்னாடி ஷேரா மாறுற பாண்டைக் கொடுத்து 2023ல ஒரு தடவை செட்டில் பண்ணுச்சு, அதுவும் தாங்காம 2025ல மிச்ச வெளிநாட்டுக் கடனையும் அதே மாதிரி ஷேரா மாத்துற பிளானோட வந்துச்சு, 900 கோடி அமெரிக்க டாலருக்கு மேல. ஒரு மணி நேரம் கழிச்சு மெசேஜ் வந்துச்சு: "அண்ணே, ஷேர் எண்ணிக்கை இப்பவே ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருக்கு. அப்ப அந்த நாப்பது டாலர் விலை வரணும்னா கம்பெனி முன்னாடி இருந்ததை விட ரெண்டு மடங்கு பெருசாகணுமா?"

ஆமாடான்னேன். இன்னும் மாறப் போறதை நீ எண்ணவே இல்லன்னும் சொன்னேன்.